விலகிப்போக வழி: நாய்களோடு ஒத்துப்போகாத ஒரு நாயை வன்னி வீடொன்றில் சேர்த்த நிகழ்வு ஆய்வு

வேறு நாய்களைக் கண்டவுடன் பாய்ந்து கடிக்கும் பெட்டை நாயொன்று, ஏற்கெனவே இரண்டு நாய்கள் வளர்ந்துவந்த கமக்கார வீடொன்றில் எவ்வாறு சேர்க்கப்பட்டது என்பதையும், அந்த முயற்சியில் எது கைகூடியது, எது கைகூடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். வீடு இலங்கையின் வடக்கே, வன்னிப் பகுதியின் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் கிராமமொன்றில் இருக்கிறது. வீட்டாரின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். கால்நடைகள் தொடர்பான களப்பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் அந்தக் குடும்பம் என்னை அழைத்தது. ஊசி, மருந்து, சத்திர சிகிச்சை ஆகியவை முழுவதும் மிருக வைத்தியரின் பொறுப்பில் நடந்தன. நாய்களை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் ஒழுங்கு மட்டுமே என்னுடையது.

வன்னியில் நாய் வீட்டுக்குள் வாழும் பிராணி அன்று. வளவிலும் ஒழுங்கையிலும் அவிழ்ந்து திரிந்து, இரவில் பன்றியையும் நரியையும் விரட்டி, அந்நியர் காலடி கேட்டால் குரைத்து, வீட்டாரின் சோற்றில் பங்குகொண்டு வாழ்வது. 2009 இல் போர் முடிந்த பின் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பற்றை மண்டிய காணிகளில் தறப்பாள் கொட்டில் போட்டபோது, பாம்புக்கும் பன்றிக்கும் காவலாக நாயையே நம்பின. ஆகவே அறைக்கு அறை கதவும், இரும்புக் கூடும், நகரத்து நடைபாதையும் உண்டு என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட அறிமுக முறைகளை இங்கே அப்படியே கையாள முடிவதில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. 2006 முதல் இலங்கையில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் வழியாகக் கொள்ளப்பட்டன. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் பிற நாய்களோடு கடிபடும் இயல்புள்ள நாயும் இனி எங்கோ ஓரிடத்தில் உயிரோடு வாழ வேண்டியிருக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் இரக்கமுள்ள ஒரு வீடாக அமைகிறது. அப்படிப்பட்ட வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே வேறு நாய்கள் இருக்கின்றன.

மூன்று நாய்கள்

வந்து சேர்ந்தவளைச் செம்பி என்று அழைத்தார்கள். மூன்று வயது மதிக்கத்தக்க, செந்நிறமான ஊர் நாய். மாங்குளம் சந்திக்கு அண்மையில், கண்டி வீதியோரச் சாப்பாட்டுக்கடையொன்றின் பின்புறத்தில், குட்டிக் காலம் தொட்டுக் கட்டைச் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவள். கடையை மூடிப் போனவர்கள் சங்கிலியை மட்டும் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். சந்தியில் திரிந்த நாய்களோடு அவள் ஓயாமல் கடிபட்டாள். அயலவர்கள் கல்லெறியத் தொடங்கினார்கள். உழவு இயந்திரம் ஓட்டும் வேலைக்காக அவ்வழியே போய்வந்த இந்த வீட்டு மகன், மனிதரிடம் அவள் காட்டிய சாந்தத்தைக் கண்டு, ஒருநாள் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் இருந்தவை இரண்டு. கறுப்பன் வயது முதிர்ந்த, கருத்தடை செய்யப்பட்ட ஆண் நாய். வயலுக்கும் வீட்டுக்கும் தாயாரின் பின்னால் நடப்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவன். வெள்ளைச்சி நடுவயதுப் பெட்டை. படலையைத் தன் இடமாகக் கொண்டவள். ஒழுங்கையில் போகும் எந்த நாயும் அவளுடைய பார்வைக்குத் தப்பிப் போனதில்லை.

செம்பி கடித்த நாய்களில் சிலவற்றை நான் மாங்குளத்தில் நேரே பார்த்தேன். காயத்தைப் பாராமல் நாயைப் பற்றி முடிவெடுப்பது தவறு. கடியின் கடுமையை ஆறு படிகளாக வகுத்த, மிருக வைத்தியரும் நாய் பயிற்றுநருமான இயன் டன்பாரின் முறை இதற்கு மிகவும் உதவும்: பல் படாமல் பாய்வது முதற் படி, தோலில் பட்டும் துளைக்காதது இரண்டாம் படி, பல்லின் பாதி நீளத்துக்கு மேற்படாத துளைகள் மூன்றாம் படி, அதனிலும் ஆழமாகப் பதித்து உலுக்குவது நான்காம் படி, அதற்கப்பால் பல ஆழமான கடிகளும் மரணமும். செம்பியின் கடிகள் காதிலும் பிடரியிலும் ஆழமில்லாத துளைகளாக இருந்தன. வயிற்றிலோ காலிலோ கிழிசல் இல்லை. இத்தனை தரம் கடிபட்டும் எந்த நாயும் சாகும் நிலைக்குப் போகவில்லை என்பது, பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்த அந்தச் சண்டைகளுக்குள்ளும் அவள் தாடையை அடக்கியே வைத்திருந்தாள் என்பதைக் காட்டியது. ஆழமான கடி என்றால் இந்தப் பொறுப்பை நான் ஏற்றிருக்கமாட்டேன்.

கவலை தந்தது வேறொன்று. ஒரே வீட்டு நாய்களுக்கிடையிலான சண்டைகளைப் பற்றி 2011 இல் அமெரிக்காவில் வெளியான, 38 சோடிகளை ஆராய்ந்த ஆய்வொன்றில், பெரும்பாலான சோடிகள் ஒரே பாலைச் சேர்ந்தவையாகவும், அவற்றிலும் பெட்டைகள் மிகுதியாகவும், சண்டையைத் தொடக்கியது பெரும்பாலும் பின்னர் வந்த நாயாகவும் இருந்தன. செம்பியும் வெள்ளைச்சியும் அந்த வரைவில் அப்படியே பொருந்தினார்கள். கறுப்பனோடு இணக்கம் வரலாம், வெள்ளைச்சியோடு வராமலும் போகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே வீட்டாரிடம் சொல்லிவைத்தேன்.

ஏன் பாய்ந்தாள்

அச்சமூட்டும் ஒன்றை எதிர்கொள்ளும் நாய் முதலில் விலகிப் போகவே பார்க்கும். தலையைத் திருப்பும், நிலத்தை மணக்கும், வளைந்து நடக்கும், ஓடும். கட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு இவற்றுள் எதுவும் கைகொடுப்பதில்லை. செம்பியின் சோற்றுச் சட்டியை நோக்கித் தெரு நாய்கள் வந்தபோதெல்லாம் அவளால் செய்ய முடிந்தது பாய்வது ஒன்றுதான். பாய்ந்தவுடன் அவை பின்வாங்கின. பாய்ந்தால் பலன் உண்டு என்பதை ஒவ்வொரு வேளைச் சோறும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. பின்னர் சங்கிலி அவிழ்ந்தபோதும் அந்தப் பாடம் அவிழவில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவளைக் கொண்டுவந்த அன்றே தாயார் என்னிடம், “விட்டுப் பாப்பமே சேர், ரெண்டு தரம் கடிபட்டா அதுகள் தன்பாட்டிலை ஒத்துப்போயிடுங்கள்” என்றார். நம் ஊர்களில் நான் கேட்கும் ஆலோசனைகளுள் அதிகமாகக் கேட்பது இதுதான். அதிகமாகக் கேடு செய்வதும் இதுதான். குட்டியிலிருந்து கூட்டத்தோடு வளர்ந்த நாய்கள் சிறு உறுமலோடு தங்களுக்குள் ஒழுங்குபட்டுக்கொள்வது உண்மை. ஆனால் கடித்தே பழகிய நாயை வேலியடைத்த வளவுக்குள் விட்டால், ஓட வழியில்லாத இரண்டு நாய்கள் அங்கே நிற்கும். செம்பி வென்றால் அவள் கற்ற பாடம் உறுதிப்படும். தோற்றால் அவளுடைய அச்சம் பெருகும். இரண்டிலும் அடுத்த சண்டை முன்னதைவிடக் கடுமையாகவே வரும். “அக்கா, இதுக்குப் போறதுக்கு வழி விட்டால்தான் பாயிறதை மறக்கும்” என்று அவரிடம் சொன்னேன். வளவில் நாங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த ஒரே கேள்வியைக் கொண்டே அளந்தோம்: இதனால் நாய்க்கு விலகிப்போக வழி திறக்கிறதா, அடைபடுகிறதா?

உடல்நலம்

முதலில் பழைய மாட்டுக்கொட்டிலில் அவளைத் தனியே வைத்தோம். புதிய நாயைத் தனிமைப்படுத்துவது நடத்தைக்காக மட்டுமன்று. விசர்நோய் உடலில் அரும்பும் காலம் சில வாரங்களிலிருந்து மாதங்கள் வரை நீளக்கூடியது. ஆகவே ஒரு கிழமை நலமாக இருந்தது என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. செம்பிக்கு ஊசி போடப்பட்டதோடு, வீட்டு நாய்கள் இரண்டினதும் ஊசி அட்டைகளும் பார்க்கப்பட்டன. வெள்ளைச்சியின் அட்டை காலாவதியாகியிருந்ததால் அவளுக்கும் புதிதாகப் போடப்பட்டது. செம்பியின் காது ஒன்றில் சீழ் கட்டியிருந்தது; உடலெங்கும் உண்ணி; மிருக வைத்தியர் உண்ணிக் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தார். நோவோடு இருக்கும் நாய் இன்னொரு நாய் கிட்ட வருவதைப் பொறுக்காது. காது ஆறிய பின் அவள் தலையைத் தொட விட்டாள் என்பதோடு, தொலைவில் குரைப்புச் சத்தம் கேட்டவுடன் துள்ளியெழுவதும் குறைந்தது.

கருத்தடைச் சத்திர சிகிச்சையும் செய்யப்பட்டது. கருத்தடை செய்தால் கோபம் அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெட்டைகளிடையே பருவகாலத்தில் மூளும் சண்டைகள் அதனால் நிற்கும் என்பது சரி. பயத்தால் கற்றுக்கொண்ட பாய்ச்சலை அது அழிக்காது. பதற்றம் தணிக்கும் மருந்துகளைப் பற்றியும் வைத்தியர் பேசினார். ஃபுளுவொக்செற்றின் போன்றவை வேலைசெய்யத் தொடங்கவே பல வாரங்கள் செல்லும், பழக்கும் வேலைக்கு அவை துணையாகலாமே அன்றி ஈடாகா என்பது அவருடைய கருத்து. செம்பிக்கு அது தேவைப்படவில்லை.

கிடுகும் கம்பிவலையும்

வளவின் பின்பாதியை நடுவே ஒரு வேலியால் பிரித்தோம். உண்மையில் அது இரண்டு வேலிகள்: செம்பியின் பக்கம் கம்பிவலை, அதற்கு ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி விட்டு, வீட்டுப் பக்கம் கதியால் நட்டுக் கம்பி இழுத்த இன்னொரு வேலி. ஒற்றை வேலியில் நாய்கள் மூக்கோடு மூக்கு முட்டி நின்று, வேலியோடு ஓடியோடிக் குரைத்து வெறியேற்றிக்கொள்ளும். அவ்வாறு நடக்க விட்டால் வேலியே சண்டைக்களமாகிவிடும். கம்பிவலை முழுவதும் கிடுகு கட்டி மறைத்தோம். கிடுகு மலிவு, கைக்கெட்டியது, காற்றுப் புகும், மணமும் சத்தமும் கடக்கும், பார்வை மட்டும் கடக்காது. பார்வையை இப்படி வேண்டிய அளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஒரு பொருளை நம் முன்னோர் வேலிக்கென்றே வைத்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நகரத்தவர்கள் கண்ணாடிக் கதவில் காகிதம் ஒட்டிச் செய்வதை இங்கே கிடுகு தானாகவே செய்கிறது.

சில நாள்கள் எந்த நாயும் மற்றதைக் காணவில்லை. அவை படுக்கும் நெற்சாக்குகளை மட்டும் மாற்றிப் போட்டோம். செம்பி முதலில் கறுப்பனின் சாக்கை மணந்துவிட்டு விலகிப் போய்ப் படுத்தாள். பின்னர் அதன்மேலேயே படுத்தாள். வெள்ளைச்சியின் சாக்கைக் கடைசி வரை அவள் கால்களால் கிளறிக்கொண்டே இருந்தாள். அந்த வேறுபாடு பின்னால் வந்ததற்கெல்லாம் ஒரு முன்னறிவிப்பாக இருந்தது.

கிடுகை விலக்கத் தொடங்கியபோது நடுவில் விலக்கவில்லை. கிணற்றடிக்கு அப்பாலுள்ள தூர மூலையில், ஒரு கிடுகை மட்டும் அவிழ்த்தோம். செம்பி அந்த இடைவெளிக்கு முன்னால் வந்தால் மறுபக்கத்தைக் காணலாம். ஓரிரு அடி தள்ளினால் மீண்டும் மறைவுக்குள் போய்விடலாம். பார்ப்பதும் பாராமல் விடுவதும் அவள் கையில் இருந்தது. மறுபக்கத்தில், 30 மீற்றருக்கு மேல் தள்ளி, மாமரத்தடியில் தாயார் கறுப்பனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இந்தப் பக்கத்தில் மகன் அவித்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

முதல் நாள் நடந்ததை நான் மிக அருகிலிருந்து பார்த்தேன். செம்பி நடந்து வந்து இடைவெளியின் முன் நின்றாள். அதுவரை திறந்து இளைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென மூடிக்கொண்டது. காதுகள் முன்னால் விறைத்தன. உடலின் பாரம் முன்னங்கால்களுக்குப் போனது. வால் உயர்ந்து, அடிப்பகுதி அசையாமல், நுனி மட்டும் சிறிதாக அதிர்ந்தது. குரைப்பு இல்லை. குரைப்பு வரும்வரை காத்திருக்கவே கூடாது. மூடிய வாயே போதுமான எச்சரிக்கை. மகன் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டு ஈரலை அவளுடைய தாடையோரத்துக்குக் கொண்டுபோனார். அவள் எடுக்கவில்லை. ஈரலை விரும்பி உண்ணும் நாய் அதை வாயருகே வைத்தும் எடுக்கவில்லை என்றால் இடைவெளி போதாது என்று பொருள். நான் கையைக் காட்டத் தாயார் எழுந்து கறுப்பனை இன்னும் பின்னால் கூட்டிப் போனார். செம்பி எச்சில் விழுங்கினாள், கண்ணிமைகள் ஒருமுறை தாழ்ந்து எழுந்தன, தலை மகனின் பக்கம் திரும்பியது, ஈரல் போனது. உடனே கறுப்பனை வீட்டு மறைவுக்குள் கூட்டிப் போகச் சொன்னேன். அன்றைக்கு அவ்வளவுதான்.

இதில் வரிசை முக்கியம். மற்ற நாய் தெரிந்த பின்னரே ஈரல் வர வேண்டும். நாய் மறைந்தவுடன் ஈரலும் நிற்க வேண்டும். ஈரலை முதலில் நீட்டினால், ஈரல் வருவதையே ஆபத்து வருவதன் அறிகுறியாக நாய் எடுத்துக்கொள்ளும். இப்படித் தொடர்ந்து செய்தபோது, கறுப்பனைக் கண்டவுடன் செம்பி தானாகவே மகனைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள். அவ்வாறு திரும்பிப் பார்ப்பது கட்டளைக்குக் கீழ்ப்படிவதன்று. அவளுடைய மனத்தில் கறுப்பன் என்ற உருவத்தின் பொருள் மாறிவருவதன் வெளித்தோற்றம். அந்த மாற்றம் உறுதியான பின்னரே அடுத்த கிடுகை அவிழ்த்தோம். ஏசுவதோ, கயிற்றை வெட்டி இழுப்பதோ, அடிப்பதோ ஒரு தடவைகூட அனுமதிக்கப்படவில்லை. உறுமலுக்கு அடி விழுந்தால் நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. பின்னர் எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

வாய்க்கூடு

வேலியில்லாமல் இரண்டு நாய்கள் சந்திக்கும் முன், செம்பி வாய்க்கூட்டுக்குப் பழக வேண்டியிருந்தது. வவுனியாவில் வாங்கிய, கூடை போன்ற கம்பிக் கூடு அது. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டியை வன்னி வெயிலில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது: நாய் இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது, வாயைத் திறக்க முடியாத நாய்க்குச் சிறிது நேரத்திலேயே வெப்பம் தலைக்கேறும். கூடைக்குள் இளைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கம்பியிடையே ஈரல் துண்டும் வாங்கலாம். அடியில் ஈரலை வைத்து, அவளே மூக்கை உள்ளே விடும்வரை காத்திருந்து, பின்னர் மெதுவாக வாரை மாட்டினோம். நாளடைவில் கூட்டைக் கையில் எடுத்தாலே வாலாட்டி வந்து மூக்கை நுழைத்தாள். கூடு போட்ட நாயைக் கண்காணிப்பின்றி விடுவதில்லை என்பது முதல் நாளிலிருந்தே சட்டமாக இருந்தது.

வாய்க்காலின் இரு கரைகள்

அடுத்த கட்டம் நடை. கிராமத்து ஒழுங்கைகள் இதற்கு உதவா: ஒடுக்கமானவை, இரு பக்கமும் வேலி, எந்தப் படலையிலிருந்து எந்த நாய் பாயும் என்று சொல்ல முடியாது. நாங்கள் தெரிந்தெடுத்தது நீர்ப்பாசன வாய்க்கால். விடியற்காலையில், கிறவல் சூடேறும் முன், ஒரு கரையில் மகன் செம்பியோடும் மறுகரையில் தாயார் கறுப்பனோடும் ஒரே திசையில் நடந்தார்கள், நடுவே தண்ணீர். அயல் வீட்டுப் பையன் சைக்கிளில் முன்னே போய், அவிழ்ந்து திரியும் நாய்களைப் பார்த்துச் சொன்னான். கயிறுகள் நீளமாகவும் தளர்ந்தும் இருந்தன. கயிறு இறுகினால் செம்பிக்கு அது பழைய சங்கிலிதான்; பிடித்திருப்பவரின் பதற்றமும் கயிற்றுவழியே இறங்கும்.

ஒரே திசையில் நடக்கும் நாய்கள் ஒன்றையொன்று முகத்துக்கு நேரே பார்ப்பதில்லை. மணமும் அசைவும் தெரியும், மோதல் இல்லை. சில காலைகளின் பின் முன்னும் பின்னுமாக ஒரே கரையில் நடந்தார்கள். முன்னால் போன நாயின் மூத்திரத்தைப் பின்னால் வந்தது மணந்து, அதன்மேல் தானும் பெய்தது. பின்னர் பக்கத்துப் பக்கமாக நடந்தார்கள்.

சந்திப்பு அறுவடை முடிந்த வயலில் நடந்தது. வேலி, படலை, கிணறு எதுவும் அருகில் இல்லாத, எந்தத் திசையிலும் ஓடக்கூடிய வெளி. செம்பியின் வாயில் கூடு. கயிறுகள் நிலத்தில் இழுபட்டன. கறுப்பன் நேரே வரவில்லை. வட்டமாக வளைந்து, நிலத்தை மணந்து, பக்கவாட்டில் வந்து நின்றான். செம்பி அவனுடைய பின்புறத்தை மணந்தாள், இரண்டு மூச்சுக்குள் மகன் அவளைக் கூப்பிட்டார், அவள் வந்தாள். மீண்டும் போனாள், மீண்டும் கூப்பிட்டோம். இப்படி இடையிடையே பிரிப்பது, முறுக்கு ஏறும் முன்னரே தளர்த்திவிடுகிறது. மூன்றாம் தரம் போனபோது அவள் உடலை ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் நின்று அதே திசையைப் பார்த்தாள். இந்த நிகழ்வில் செம்பிக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆசிரியர் கறுப்பன்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. விலகத் தெரிந்த நாயோடு சண்டை மூட்டுவது கடினம்.

வெள்ளைச்சி

வெள்ளைச்சியோடும் இதே ஒழுங்கையே பின்பற்றினோம். கிடுகுக் கட்டத்தில் முன்னேற்றம் இருந்தது. வாய்க்காலின் இரு கரைகளில் நடக்கவும் செய்தார்கள். ஒரே கரைக்கு வந்தபோது நின்றுபோனது. இங்கே வீட்டார் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு, அதைக் காட்டுவதற்கே நான் அதிக நேரம் செலவிட்டேன். குரைத்துப் பாய்வது செம்பி. ஆகவே கண்கள் அவள்மேல் இருந்தன. ஆனால் அதற்குமுன் வெள்ளைச்சி என்ன செய்தாள்? பாதைக்குக் குறுக்கே நின்றாள். அசையாமல், வாய் மூடி, கண்ணிமைக்காமல் பார்த்தாள். செம்பி தலையைத் திருப்பி நிலத்தை மணந்தபோதும் அவள் பார்வையை எடுக்கவில்லை. விலகக் கற்றுவரும் நாயின் விலகலை ஏற்காத நாய் எதிரே நின்றால், கற்றதெல்லாம் அந்தக் கணத்தில் பயனற்றுப் போகும்.

“இவள் எங்கட வீட்டுப் பிள்ளை சேர், வந்ததைத்தானே கட்டி வைக்க வேணும்” என்று தாயார் வருந்தினார். அவருடைய பாசம் நியாயமானது. ஆனால் செம்பியை மீண்டும் சங்கிலியில் போடுவது, அவளுடைய நோயை அது தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோவதாகும்.

பின்மாரிக் காலத்தில், நெல் பால்பிடித்திருந்த ஓர் இரவு, யானைகள் வாய்க்கால் பக்கம் இறங்கின. அயலெங்கும் யானை வெடி வெடித்தது. ஆள்கள் ரோச் லைற்றோடு ஓடினார்கள். ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன. வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், விவரம் தெரியாமல், உட்படலையைத் திறந்துகொண்டு பின்வளவுக்கு ஓடினார். செம்பியும் வெள்ளைச்சியும் ஒரே நேரத்தில் அந்த ஒடுக்கமான வாசலில் மோதினார்கள். யானைமேல் ஏறிய வெறி அருகிலிருந்த நாயின்மேல் இறங்கியது. மகன் கையை உள்ளே விடவில்லை. கிணற்றடியில் இதற்கென்றே சாத்திவைத்திருந்த தகரத்தை இரண்டுக்கும் நடுவே செருகித் தள்ளினார். தாயார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். பிரிந்த கணத்தில் படலை சாத்தப்பட்டது. வெள்ளைச்சியின் காதில் இரண்டு துளைகள், ஆழமில்லை.

கடிபடும் நாய்களைக் கழுத்துப்பட்டியில் பிடித்து இழுப்பவர்களே அதிகம் கடி வாங்குகிறார்கள். நாய் திரும்பிக் கடிப்பது ஆளை அறிந்து அன்று. தகரம், பலகை, கதிரை எதுவானாலும் நடுவே செருகலாம். இரண்டு ஆள்கள் இருந்தால் ஒவ்வொருவரும் ஒரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னோக்கி வளைந்து இழுக்கலாம். மனிதருக்குப் பல் பட்டால், ஊசி போட்ட நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ அப்பக் கூடாது.

முடிவும் நடைமுறையும்

அந்த இரவின் பின், செம்பியையும் வெள்ளைச்சியையும் வேலியின்றி ஒன்றாக விடும் முயற்சியை நிறுத்துமாறு சொன்னேன். இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. நாய்கள் நண்பர்களாக வேண்டும் என்பது மனிதரின் ஆசை. நாய்களுக்குத் தேவை, அஞ்சாமல் உண்ணவும் உறங்கவும் ஓர் இடம். இன்று அந்த வளவு நேரத்தால் பிரிக்கப்பட்டிருக்கிறது. காலையில் வெள்ளைச்சி படலைக் காவலில் இருக்க, செம்பியும் கறுப்பனும் பின்வளவில். உச்சி வெயிலில் எல்லாம் உறங்கும். பின்னேரம் வெள்ளைச்சி தாயாரோடு விறாந்தையில் இருக்க, செம்பி மகனோடு வயலுக்குப் போகிறாள். சோறு எப்போதும் மூன்று வெவ்வேறு இடங்களில், ஒன்றையொன்று காணாதபடி வைக்கப்படுகிறது. உண்டு முடிந்ததும் சட்டிகள் எடுக்கப்படுகின்றன, எலும்பு கிடக்க விடுவதில்லை. கறுப்பனோடும் இந்த ஒழுங்கு தளர்த்தப்படவில்லை. பயமறியாமல் ஒரே மாமரத்தடியில் படுக்கும் நாய்கள்கூட ஒரு மீன் தலைக்காகக் கடிபடலாம்.

ஒடுக்கமான இடங்களைத் தேடித் திருத்தியதே மிகப் பயன் தந்த வேலை என்பது என் துணிபு. உட்படலை ஒன்றாக இருந்தது இரண்டாக்கப்பட்டது. ஒன்று திறந்திருந்தாலும் மற்றது தடுக்கும். கிணற்றடிக்குப் போகும் வழி அகலமாக்கப்பட்டது. குசினி வாசலில் நாய்கள் கூடும் வழக்கம் நிறுத்தப்பட்டது. யானை வெடி கேட்கும் இரவுகளிலும், வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் காலத்து வெடிச் சத்தத்தின் போதும், செம்பி மாட்டுக்கொட்டிலில் கதவடைத்து வைக்கப்படுகிறாள். அதிர்ச்சியால் ஏறிய பதற்றம் சத்தம் நின்றவுடன் தணிந்துவிடுவதில்லை என்பதால், மறுநாளும் நடையும் சந்திப்பும் இல்லை.

இவ்வளவு ஒழுங்கை எல்லா வீடும் தாங்காது. தவழும் குழந்தை உள்ள வீடு, வேலியடைக்க இடமில்லாத காணி, பகல் முழுவதும் ஆளில்லாத வீடு ஆகியவற்றில் இப்படிப்பட்ட நாயைச் சேர்க்க நான் ஒப்பமாட்டேன்; வேறு நாயே இல்லாத வீடொன்றைத் தேடுவதுதான் அந்த நாய்க்கு நல்லது. இந்த வீட்டிலும் ஒரு கேள்வி அண்மையில் எழுந்தது: மகனுக்கு வவுனியாவில் வேலை கிடைக்கும்போலிருக்கிறது. செம்பியின் கயிறும் வாய்க்கூடும் அவருடைய கைக்கே பழகியவை. ஆகவே அவர் போகும் முன்னரே, பின்னேர நடையைத் தாயாரும் அயல் வீட்டுப் பையனும் ஏற்கும்படி மாற்றி, ஈரல் கொடுப்பதையும் கூடு மாட்டுவதையும் அவர்கள் கையால் தொடங்கியிருக்கிறோம். தாயார் அழைத்தால் செம்பி இப்போது திரும்பிப் பார்க்கிறாள். பையன் அழைத்தால் இன்னும் யோசிக்கிறாள், ஆகவே அவனுடைய நடை கறுப்பனோடு மட்டும் நடக்கிறது.